ஏற்காடு: வீட்டுக்குப் பின்னால் 10 அடி மண்வெட்டு, மேலே பிறை வடிவ விரிசல். சுவர் எழுப்பினால் நிற்குமா?

சரிவுவீடு (கேள்வி)

இடம் ஏற்காடு. மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த மனையில் தரைத்தள வீடு. பின்சுவருக்கும் மண்வெட்டுக்கும் நடுவில் 9 அடி இடம் இருக்கிறது. வெட்டின் உயரம் 10 அடி, நீளம் 40 அடி, கிட்டத்தட்டச் செங்குத்து. மேலே 7 அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே கையால் உதிர்க்கிற அளவுக்கு இற்றுப்போன பாறை, நடுநடுவே உருண்டைக் கற்கள். வெட்டுக்கு மேல் ஒரு ஏக்கர் காப்பி, நிழலுக்குச் சில்வர் ஓக். அதுவும் எங்களுடையதுதான்.

2024 டிசம்பர் ஃபெங்கல் மழைக்குப் பிறகு வெட்டின் விளிம்பிலிருந்து 5 அடி தள்ளி ஒரு விரிசல். 25 அடி நீளம், பிறை மாதிரி வளைந்திருக்கிறது. அப்போது விரல் நுழைந்தது, இப்போது இரண்டு விரல் நுழைகிறது. வெட்டின் அடியில் ஓரிடத்தில் மழை விட்டு நாலைந்து நாள் கழித்தும் ஈரம் கசிகிறது.

மேஸ்திரி 9 அங்குலச் செங்கல் சுவர், 10 அடிக்கு ஒரு பில்லர், பின்னால் மண் நிரப்பிவிடலாம் என்கிறார். மூன்று கேள்விகள். அந்தச் சுவர் போதுமா? வெட்டிவேர் நட்டால் பிடிக்குமா? பக்கத்து வீட்டுக்காரர் இது நில அதிர்வால் வந்த விரிசல் என்கிறார், அப்படியும் இருக்குமா?

கல்லும்மண்ணும்

மூன்றாவது கேள்வியை முதலில் முடித்துவிடலாம். 2016 நில அதிர்வு வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதிர்வு வந்தால் முதலில் வாய் பிளப்பது வீட்டுச் சுவரும் ஜன்னல் மூலையும். மழைக்குப் பிறகு, விளிம்பை ஒட்டி, இரு முனையும் பள்ளத்தைப் பார்த்து வளைந்து வரும் விரிசல் என்றால் மண் இறங்கத் தொடங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். விரிசலின் குறுக்கே மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். வீட்டுப் பக்கத்து ஓரம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தாலும் அந்தத் துண்டு நகர்ந்தாயிற்று.

இப்போது சுவர். 10 அடி செங்குத்து மண் இத்தனை காலம் எப்படி நின்றது என்று யோசியுங்கள். மண் துகள்களுக்கு நடுவில் இருக்கும் கொஞ்சூண்டு ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் குழந்தைகள் ஈர மணலில் கட்டும் வீடு நிற்பதும் அந்தப் பிடியால்தான். மழை விடாமல் பெய்து இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிரம்பினால் பிடி போய்விடும். பத்து மழைக்காலம் தாங்கிய வெட்டு பதினோராவதில் விழுவது இதனால்தான். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை மேலே இற்று மண்ணாகி, கீழே கெட்டியாகவே கிடக்கிறது. இறங்கும் நீர் இரண்டுக்கும் நடுவில் வந்து நின்றுவிடும். உங்கள் வெட்டின் அடியில் தெரிகிற கசிவு அந்தத் தண்ணீராகத்தான் இருக்கும்.

கணக்கு இது. 3 மீட்டர் உயரச் சுவரை, தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடுகிற மண் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் விசையில் தள்ளும். அதே மண்ணில் மேல்வரை தண்ணீர் நின்றால், தண்ணீர் மட்டும் 4.5 டன், தண்ணீரில் மூழ்கி எடை குறைந்த மண் 1.2 டன், ஆகமொத்தம் 5.7 டன். இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் 12 மீட்டர் நீளத்துக்கு 68 டன். 9 அங்குலச் செங்கல் வளைவைத் தாங்கும் பொருளே அல்ல. அடியில் அகலமான அஸ்திவாரம் இல்லாத பில்லரும் சுவரோடு சேர்ந்து சாயும். தண்ணீர் போக வழி விடாத சுவர் அணை மாதிரிதான். 9 அங்குலச் செங்கலில் யாரும் அணை கட்டுவதில்லை.

சுவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் மேலிருந்து வரும் தண்ணீரைத் திருப்ப வேண்டும், பிறகு உள்ளே புகுந்ததை வெளியேற்ற வேண்டும், சுவர் மூன்றாவது. மேஸ்திரி மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்.

ஒரு கேள்வி. விளிம்பிலிருந்து 50 அடிக்குள் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சோக் பிட் (கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் குழி), சொட்டுநீர்க் குழாய் ஏதாவது உண்டா?

அடிவாரம்

இயற்கை கோபப்பட்டால் எந்தச் சுவரும் நிற்காது. மலை தன் இடத்தைத் திரும்பக் கேட்கிறது. விளிம்பை ஒட்டி வரிசையாக இன்னும் நாலு சில்வர் ஓக் நட்டு விடுங்கள், வேர் பிடித்துக்கொள்ளும்.

காப்பிக்காடு

அடிவாரம், மலைக்குக் கோபமும் கிடையாது, கோரிக்கையும் கிடையாது. 40 பாகைச் சரிவை 90 பாகையாக வெட்டியவர்கள் மனிதர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதையிலும், பெருமழையில் மண் விழும் இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் சாலைக்காக வெட்டிய பக்கமாகவே இருக்கும்.

சில்வர் ஓக் யோசனையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். விளிம்பில் நிற்கும் உயரமான மரம் காற்றில் ஆடும்போது வேர்ப்பகுதியை நெம்புகோல் மாதிரி அசைத்து, விரிசலை இன்னும் திறந்துவிடும். மரத்தின் எடையும் சேரும். விளிம்பிலிருந்து 10 அடிக்குள் ஏற்கெனவே பெரிய மரம் இருந்தால் வேரோடு பிடுங்கக் கூடாது. அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே விடவும். அந்த வேர் மூன்று நாலு வருடத்தில் மக்கும், அதற்குள் வேறு வேர் வளர்ந்திருக்க வேண்டும். அறுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்தே இருக்கிறது.

வெட்டிவேர் நல்லதுதான், ஆனால் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அது வெயில் பயிர். காப்பி நிழலுக்குள் நட்டால் நரைத்துச் செத்துப்போகும். வெட்டுக்கு மேல் நிழல் இல்லாத பட்டையிலும் அடிவாரத் திறந்த இடத்திலும் மட்டும் நடுங்கள். இரண்டு மூன்று தூர் உள்ள நாற்று, வேரை 4 அங்குலமாகவும் தழையை 8 அங்குலமாகவும் நறுக்கி, 6 அங்குலத்துக்கு ஒன்று, இடைவெளி விடாமல் ஒரே வரிசை. வரிசை சமமட்டத்தில் போக வேண்டும். சரிவில் நேர்கோடாக இறக்கினால் அந்த வரிசையே வாய்க்காலாகிவிடும். மட்டம் பார்க்க டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி மாதிரிக் குழாய்) போதும். அடுத்த வரிசை 4 அடி கீழே. ஜூன் மழை பிடித்ததும் நட்டால் ஆண்டு முடிவதற்குள் தூர் கட்டும். வேர் 6 முதல் 10 அடி இறங்க இரண்டு மூன்று வருடம் ஆகும். இந்த வருட மழைக்கு அதை நம்பாதீர்கள். அதோடு, உங்கள் விரிசல் போகிற ஆழம் வேருக்கு எட்டுமா என்பதும் சந்தேகம். மேல்மண் கரையாமல் காப்பது வரைதான் அதன் வேலை.

காப்பிக்குள் களைக்கொல்லி அடிக்கிறீர்களா? அந்த ஏக்கரில் மட்டும் நிறுத்துங்கள். களையைக் கத்தியால் அறுத்து அங்கேயே பரப்பினால் மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது. காப்பிக்காட்டில் ஈரம் பிடிக்கத் தொட்டில் குழி எடுப்பது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் விரிசலுக்கு மேல் 60, 70 அடி வரை இருக்கும் குழிகளை மூடிவிடுங்கள். வழக்கமாகத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கச் சொல்வோம், இந்தப் பட்டையில் மட்டும் இறங்கவே கூடாது.

சரிவுவீடு

கல்லும்மண்ணும் சார், மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். முக்கால் அங்குலம் தாழ்ந்திருக்கிறது. இருக்கிறதா என்று கேட்டீர்களே: விளிம்பிலிருந்து 12 அடியில் 5,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, கல்மேடை மீது. நிரம்பி வழிவது பக்கத்தில் ஒரு குழிக்குள் போகும். செப்டிக் டேங்க் வீட்டுக்கு முன்பக்கம், கீழே.

கல்லும்மண்ணும்

அந்தக் குழிதான். தொட்டியும் மேடையும் சேர்ந்து 5 டன்னுக்கு மேல் எடை, அது ஒரு பக்கம். அதைவிட மோசம், வழிகிற தண்ணீர் வருடம் முழுக்க விரிசலுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கிறது. மழை விட்டு நாலைந்து நாள் ஆன பிறகும் அடியில் கசிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சோதிப்பது சுலபம்: மழையில்லாத வாரத்தில் தொட்டியைக் காலி செய்து மூன்று நாள் நிரப்பாமல் விடுங்கள். கசிவு குறைந்தால் சந்தேகமே வேண்டாம். இந்த வாரமே தொட்டியை வீட்டுக்கு முன்பக்கம் மாற்றி, குழியைக் களிமண்ணால் அடைத்துக் கெட்டித்துவிடுங்கள்.

விரிசலை அப்படியே திறந்து விட்டிருந்தால் ஒவ்வொரு மழையும் அதற்குள் நேராக இறங்கும். சிமென்ட் கலவை ஊற்றாதீர்கள். நகர்கிற மண்ணில் அது உடனே பிளக்கும், பக்கத்தில் புது வாய் திறக்கும். விரிசலை ஒட்டி ஒரு அடி ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து மாதிரி வெட்டி, பிசைந்த களிமண்ணை 4 அங்குலப் படலமாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். மேலே சற்று மேடாக முடியுங்கள். பிறகு சில்பாலின் (தடித்த பிளாஸ்டிக்) விரிப்பு. விரிசலுக்கு மேல் 6 அடியில் தொடங்கி வெட்டின் அடிவரை இறங்கட்டும். மேல் ஓரத்தை மண்ணுக்குள் ஒரு அடி புதையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விரிப்புக்கு அடியில் ஓடும். எல்லோரும் தவறவிடுவது அதைத்தான்.

மேல் வாய்க்கால்: விரிசலுக்கு மேல் 12, 15 அடி தள்ளி, அதற்குள் வேண்டாம். ஒரு ஏக்கரில் மணிக்கு 75 மி.மீ. மழை கொட்டி, பாதி ஓடி வந்தால் நொடிக்கு 42 லிட்டர். ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 50 அடிக்கு ஒரு அடி வாட்டம் என்றால் அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல் தாங்கும். ஆழத்தைக் கூட்டிச் சொல்வது சில்வர் ஓக் இலைக்காக. அடியும் பக்கமும் பூசியிருக்க வேண்டும். பூசாத வாய்க்கால் தண்ணீரைத் தடுத்து நிறுத்தி அங்கேயே மண்ணுக்குள் இறக்கும், அதற்கு வாய்க்கால் இல்லாமலே இருக்கலாம். கடைசியில் விடும் இடம் இயற்கையான ஓடையாக இருக்கட்டும், கல்படி வைத்து இறக்குங்கள். கீழ்வீட்டுக்காரர் தலையில் விட்டுவிடாதீர்கள்.

மழைமானி_சேலம்

வேலை நடக்கும்வரை வீட்டில் இருப்பவர்கள் எப்போது வெளியேறுவது என்பதும் முடிவாக வேண்டும். சில விஷயங்கள்.

விரிசலின் இரு பக்கமும் ஒன்றரை அடி நீளக் கம்பி முளைகள், மூன்று ஜோடி: நடுவில் ஒன்று, இரு முனைக்கு அருகில் ஒவ்வொன்று. ஜோடிக்கு நடுவில் உள்ள தூரத்தை டேப்பில் மி.மீ. கணக்கில் குறித்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒரு முறை, மழை நாளில் பகலில் இரண்டு முறை. ஒரே வேகத்தில் மெதுவாகக் கூடினால் அளந்துகொண்டிருக்கலாம். நேற்று 1 மி.மீ., இன்று 3, சாயங்காலம் 6 என்று வேகம் பிடித்தால் அளப்பதை விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

மழைமானியும் வையுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேர்ச்சுவர் டப்பா, உள்ளே ஸ்கேல், மரமும் கூரையும் மறைக்காத இடம். காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை ஒரு நாள் என்று வானிலை மையம் கணக்கு வைக்கிறது, நீங்களும் அப்படியே குறித்தால் அவர்கள் அறிவிப்போடு ஒப்பிடலாம். 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.5-லிருந்து அதி கனமழை. ஒரு நாள் அளவைவிடத் தொடர்ச்சி முக்கியம். மூன்று நாள் மழையில் ஊறிய மண்ணுக்கு நாலாம் நாள் 60 மி.மீ. போதும். 100 மி.மீ. பெய்தால் உங்கள் ஏக்கரில் மட்டும் நாலு லட்சம் லிட்டர் விழுகிறது, 12,000 லிட்டர் டேங்கர் 34.

இவை தெரிந்தால் அளவுக்குக் காத்திராமல் வெளியேற வேண்டும்: தெளிவாகக் கசிந்த நீர் திடீரெனக் கலங்கி வருவது, வழக்கமாக வரும் கசிவு மழைக்கு நடுவில் திடீரென நின்றுபோவது (உள்ளே எங்கோ அடைத்துக்கொண்டு நீர் தேங்குகிறது), வெட்டின் அடி புடைப்பது, சிறு கற்கள் விடாமல் உருளுவது, பின்கதவு திடீரென இறுகிக்கொள்வது. மழை நாளில் பின் அறையில் யாரும் படுக்க வேண்டாம், முன் அறைக்கு மாறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070. கீழே இறங்கும் பாதையில் மண் விழுந்திருக்கலாம் என்பதால், இரவில் சேலத்துக்குக் கிளம்பாமல் ஏற்காட்டிலேயே சமதளத்தில் உள்ள தெரிந்த வீட்டுக்குப் போவதே நல்லது.

சரிவுவீடு

தொட்டியைக் காலி செய்துவிட்டேன். மேஸ்திரி இப்போது கான்கிரீட் சுவர் என்கிறார். கம்பிவலைக் கூடையில் கல் அடுக்கும் சுவர் எங்கள் 9 அடிக்குள் அடங்குமா?

கல்லும்மண்ணும்

அடங்கும், இறுக்கமாக. 3 மீட்டர் உயரத்துக்கு மூன்று வரிசை: அடியில் 2 மீட்டர் அகலம், நடுவில் 1.5, மேலே 1. பின்பக்கம், அதாவது மண் பக்கம், நேராக வைத்து முன்பக்கம் படியாக விடலாம். உங்கள் 9 அடியில் 6½ அடி போகும், மிச்சம் 2½ அடி நடக்க மட்டும். முழுச் சுவரையும் மலைப்பக்கம் 6 பாகை சாய்த்து வையுங்கள்.

கல் அளவு: 40 அடி நீளத்துக்கு 54 கன மீட்டர், அதாவது 19 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). கல் 6 முதல் 10 அங்குலம், வலைக் கண்ணைவிடப் பெரிதாக. இற்றுப்போன கல் வேண்டாம், சுத்தியால் தட்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். ஜேசிபியால் கொட்டி நிரப்பினால் உள்ளே பொந்து விழுந்து இரண்டாம் வருடம் கூடை தொப்பை போடும். கையால் அடுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு ஒரு அடிக்கும் முன்முகத்தையும் பின்முகத்தையும் குறுக்குக் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். கால்வனைஸ் வலைமேல் பிவிசி பூச்சு உள்ளதையே கேளுங்கள். ஏற்காட்டு ஈரத்தில் வெறும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கூடைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோடெக்ஸ்டைல் துணி கட்டாயம். இல்லாவிட்டால் செம்மண் மாவு கற்களுக்குள் புகுந்து, வடிகிற சுவர் அடைத்துக்கொள்ளும். பின் அடியில் 4 அங்குல ஓட்டைக் குழாய், 20 மி.மீ. ஜல்லிக்குள், ஓட்டை கீழ்ப்பக்கம் பார்க்கட்டும். மேலே பார்த்து வைப்பது வழக்கத்தில் இருக்கும் தவறு. கீழே இருந்தால்தான் நீர்மட்டம் ஏறத் தொடங்கியதுமே உள்ளே வரும். குழாய் மேல் மட்டும் துணி சுற்றாதீர்கள், அது சீக்கிரம் அடைக்கும். ஜல்லி மொத்தத்தையும் சேர்த்துப் பொட்டலமாகச் சுற்றுங்கள்.

கான்கிரீட்தான் வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் வரைந்த அகல அஸ்திவாரச் சுவர், 5 அடிக்கு ஒன்றாக மாறி மாறி 3 அங்குலக் குழாய்த் துளை, முன்பக்கம் சரிந்து, பின்னால் ஒரு அடி ஜல்லி. எந்த மழைக்கும் பிறகு துளைகளில் நீர் வருகிறதா என்று பாருங்கள். வராத துளையைக் கம்பியால் குத்திவிட வேண்டும்.

நகர்ந்த துண்டின் அடியைத் தோண்டும்போதுதான் அதிக ஆபத்து, வேலை ஆட்களுக்கும் அதுதான். 40 அடியையும் ஒரே நாளில் திறக்கக் கூடாது. 8 அடிக் கட்டமாக ஒன்று விட்டு ஒன்று: 1, 3, 5 முடித்துக் கூடை நிரப்பிய பிறகு 2, 4. தூறல் விழுந்தால் பள்ளத்துக்குள் யாரும் இறங்கக் கூடாது. ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள், பூ மழை (காப்பி பூக்க வைக்கும் கோடை மழை) தொடங்கிவிட்டால் மண் ஊற ஆரம்பிக்கும். காப்பிப் பறிப்பு முடியாத வாரங்களில் ஆள் கிடைப்பது கஷ்டம், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

ஏற்காடு மலைக் கிராமங்கள் ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் உள்ளவை. மண் வெட்டவும் ஜேசிபி கொண்டுவரவும் முன் அனுமதி வேண்டும். புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை அலுவலர்கள் வந்து பார்க்கும்போது மட்டப்பலகை அளவையும் முளைக் கணக்கு நோட்டையும் காட்டுங்கள்.

காப்பிக்காடு

ஒன்று விட்டுப்போயிற்று. மேல் வாய்க்காலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதாது. சில்வர் ஓக் இலை மழைக்கு முன்பே குவிந்து கிடக்கும். ஜூனுக்கு முன் ஒரு முறை, அக்டோபர் நடுவில் ஒரு முறை, பிறகு ஒவ்வொரு 60 மி.மீ. மழைக்குப் பின்னும் போய்ப் பார்க்க வேண்டும். வாய்க்கால் வளைகிற இடத்தில் கம்பிவலைத் தடுப்பு வைத்தால் அங்கே மட்டும் அள்ளினால் போதும்.

சரிவுவீடு

முளை அடித்தாயிற்று. முதல் அளவு: நடு ஜோடி 412 மி.மீ., இடது 398, வலது 405. தொட்டி காலியாகி மூன்றாம் நாள் அடிக் கசிவு பாதியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு அளவு போடுகிறேன்.